எழுப்பாமல் எடுங்கள்: குளிர்காலத்தில் இரைகொல்லிப் பறவைகளைப் படம் பிடிக்க

முதல் குளிர்காலத்தில் நான் எடுத்த படங்களை இன்னும் ஒரு ஃபோல்டரில் வைத்திருக்கிறேன். நானூற்றுச் சொச்சம் படங்கள். அதில் முக்கால்வாசி வால். பருந்தின் வால், வல்லூறின் வால், எதன் வால் என்றே தெரியாத வால். ஒவ்வொன்றும் நான் வருவதைப் பார்த்து எழுந்து, முதுகைக் காட்டிவிட்டுப் போன பறவை. லென்ஸ் போதவில்லை என்றுதான் அப்போது நினைத்தேன். பெரிய லென்ஸ் வாங்கினேன். வால் பெரிதாகத் தெரிந்தது.

கேமராவை ஓரளவு கையாளத் தெரியும், சின்னப் பறவைகளை எடுத்துப் பழகியாகிவிட்டது, இனி பருந்து, கழுகு பக்கம் போகலாம் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் வால் எடுத்துக் கழித்த காலத்தை நீங்களாவது மிச்சப்படுத்தலாம்.

குளிர்காலத்தில் பறவை எப்படி வாழ்கிறது

வடக்கே குஞ்சு பொரித்த பறவைகள் குளிர் தொடங்கியதும் தெற்கே வலசை வருகின்றன. மற்ற மாதங்களில் கண்ணில் படாத பூனைப்பருந்துகளும் வல்லூறுகளும் திறந்த வெளிகளில் வந்து சேரும். இலை உதிரும் இடங்களில் மரங்கள் மொட்டையாக நிற்பதால், கிளையில் இருக்கும் பறவை தூரத்திலிருந்தே தெரியும். சூரியனும் தாழ்வாகவே நகரும். கோடை நண்பகலில் கறுத்துப்போகிற இறக்கையின் அடிப்பக்கம், இப்போது பக்கவாட்டு வெயிலில் இறகு இறகாகத் தெரியும். தரையில் பனி கிடந்தால் கீழேயிருந்தும் வெளிச்சம் வரும்.

நமக்கு நல்ல காலம். பறவைக்குக் கஷ்டகாலம். பகல் குறைவு, இரை குறைவு, உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளவே தீனி வேண்டும். அதனால் அது சிக்கனமாக வாழ்கிறது, காரணமில்லாமல் பறக்காது. நாம் கிட்டப் போய் எழுப்பிவிடும் ஒவ்வொரு முறையும் அது பாடுபட்டுச் சேர்த்ததிலிருந்து செலவழிக்கிறது. அந்தச் சிக்கனத்தைப் புரிந்துகொண்டால் நம் வேலையும் சுலபமாகிவிடும். நேற்று உட்கார்ந்த கம்பத்தில் இன்றும் உட்காரும், நேற்று சுற்றிய வரப்போரத்தை இன்றும் சுற்றும். துரத்த வேண்டியதில்லை. அதற்கு முன்னால் அங்கே போய் இருந்தால் போதும்.

நேரமும் பறவைக்குப் பறவை மாறும். அகல இறக்கைக் கழுகுகள் தரையிலிருந்து மேலெழும் வெப்பக் காற்றில் ஏறி வட்டமிடுபவை. குளிர்காலத்தில் தரை சூடாக நேரமாகும் என்பதால் வெயில் ஏறும்வரை அவை கிளையிலேயே உட்கார்ந்திருக்கும். உட்கார்ந்த கழுகு வேண்டுமென்றால் அந்தக் காலை நேரம்தான். பூனைப்பருந்துகள் அப்படிக் காத்திருப்பதில்லை. விடிந்ததும் நாணல் மேலும் புல்வெளி மேலும் தாழப் பறந்து தேட ஆரம்பித்துவிடும். மாலையில் இராத்தங்க இறங்கும் முன்பு இன்னொரு சுற்று.

முதல் சில நாட்கள் கேமரா வேண்டாம்

யாரிடம் சொன்னாலும் கேட்கமாட்டார்கள், இருந்தாலும் சொல்கிறேன். முதல் இரண்டு மூன்று நாள் பைனாகுலரும் ஒரு குறிப்பேடும் மட்டும் போதும். எந்தக் கம்பம், எந்த மரம், எத்தனை மணி, எந்தப் பக்கக் காற்று என்று எழுதுங்கள்.

பறவை இல்லாத நேரத்திலும் அது தங்கும் இடத்தைக் கண்டுபிடிக்கலாம். தனிமரம், வேலிக்கால், பாறை முனை ஆகியவற்றின் அடியில் சுண்ணாம்பு தெளித்தது போல எச்சம் இருக்கிறதா பாருங்கள். பக்கத்தில் மயிரும் இறகும் இறுகிய சிறு உருண்டைகளும் கிடக்கலாம். செரிக்காததை இரைகொல்லிப் பறவைகள் இப்படி உருட்டிக் கக்கிவிடும். உருண்டையைப் பிரித்தால் எலியின் மண்டையோடும் எலும்புகளும் முழுசாகக் கிடைக்கிறதா? அது பெரும்பாலும் ஆந்தையுடையது. பருந்து, வல்லூறுகளின் வயிற்று அமிலம் கடுமையானது. எலும்பு ஏறக்குறைய கரைந்துவிடும், மயிர்தான் மிஞ்சும்.

காதையும் தீட்டி வையுங்கள். காக்கைகள் ஓரிடத்தில் கூடிக் கத்தினால் அங்கே பருந்தோ ஆந்தையோ இருக்க வாய்ப்பு அதிகம். நீரில் மேய்ந்துகொண்டிருந்த வாத்துக் கூட்டம் திடீரென ஒன்றாக எழுந்தால் வாத்தைப் பார்க்காதீர்கள், வானத்தைப் பாருங்கள்.

பெரிய அளவில் பார்த்தாலும் இதே கணக்குதான்: இரை எங்கே திறந்து கிடக்கிறதோ அங்கே பறவை. வட அமெரிக்காவில் மிசிசிப்பி ஆறு உறையும்போது, அணைகளுக்குக் கீழே தண்ணீர் உறையாமல் ஓடும் இடங்களில் வெண்தலைக் கழுகுகள் கூடுகின்றன. ஜப்பானின் ஹொக்கைடோ கரைக்குக் கடல்பனி மிதந்து வரும் மாதங்களில் ஸ்டெல்லர் கடற்கழுகுகள் வந்து உட்கார்கின்றன. குஜராத்தின் வேளாவதர் புல்வெளியில் குளிர்கால மாலைகளில் பூனைப்பருந்துகள் கூட்டமாகத் தரையில் இறங்கி இராத்தங்குகின்றன. ஆனால் பழக அப்படிப்பட்ட இடம் தேவையில்லை. திறந்த வெளியில் ஒரு கம்பமும் அதில் தினமும் வந்து உட்காரும் ஒரு பறவையும் போதும்.

பேச்சுவழக்கில் நாம் எல்லாவற்றையும் கழுகு என்றோ பருந்து என்றோ சொல்லிவிடுகிறோம். படமெடுப்பவருக்குப் பெயரைவிட அது வேட்டையாடும் விதம்தான் முக்கியம். உட்கார்ந்து காத்திருப்பதா, தாழப் பறந்து தேடுவதா, சிவப்பு வல்லூறும் கருந்தோள் பருந்தும் போல அந்தரத்தில் ஒரே இடத்தில் நிற்பதா, பொரி வல்லூறு போல மேலிருந்து பாய்வதா? அதைப் பொறுத்துத்தான் நீங்கள் எங்கே உட்காருவது, ஷட்டரை எங்கே வைப்பது எல்லாம்.

கருவி

சுருக்கமாகவே சொல்கிறேன். 400 மி.மீ. எட்டும் ஜூம் லென்ஸ் ஒன்று, ஆட்டோ ஃபோகஸ் சுமாராகவாவது வேகமாக வேலை செய்யும் கேமரா ஒன்று. 600 இருந்தால் நல்லது. ஆனால் கையில் தூக்கிப் பறவையைப் பின்தொடர முடியாத 600-ஐவிடத் தூக்க முடிந்த 400 மேல். கிராப் சென்சார் (சிறிய சென்சார்) கேமராவைத் தாழ்வாக நினைக்க வேண்டாம், தூரத்துப் பறவைக்கு அது உதவிதான். காரின் ஜன்னல் விளிம்பில் போட ஒரு பயறு மூட்டை வைத்துக்கொள்ளுங்கள். நான் டிரைபாடை எடுத்துப்போனதைவிட வீட்டில் விட்டுப்போனதுதான் அதிகம்.

செட்டிங்

ஷட்டர், அப்பர்ச்சர் இரண்டையும் நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள், ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விடுங்கள். மேனுவல் மோடில் ஆட்டோ ஐஎஸ்ஓ என்பது இதுதான். குளிர்கால வெளிச்சம் மேகம் நகரும்போதெல்லாம் மாறும். பறவை வரும் மூன்று நொடியில் மூன்று டயலைத் திருக முடியாது.

உட்கார்ந்த பறவைக்கு 1/500 தாராளம். பயறு மூட்டையும் லென்ஸில் ஸ்டெபிலைசரும் இருந்தால் 1/250 கூடப் போதும். பெரிய பருந்து, கழுகு பறக்கும்போது 1/1600 முதல் 1/2000 வரை. வல்லூறு வகைகளுக்கு 1/2500, 1/3200. பொரி வல்லூறு பாய்ச்சலில் மணிக்கு 300 கி.மீ.யைத் தாண்டும்; அதை ஃபிரேமுக்குள் வைத்திருப்பதே பெரிய பாடு, முதல் வருடம் அதற்கு ஆசைப்பட வேண்டாம். அப்பர்ச்சர், லென்ஸ் எவ்வளவு திறக்குமோ அவ்வளவு, அல்லது எஃப்/8 வரை. ஐஎஸ்ஓ 3200, 6400 என்று ஏறினால் பயப்படாதீர்கள். புள்ளி புள்ளியாக விழும் நாய்ஸை மென்பொருளில் குறைக்கலாம், ஆட்டம் கண்ட படத்தை எதிலும் சரிசெய்ய முடியாது.

இங்கேதான் நான் ஒருமுறை நன்றாக ஏமாந்தேன். உட்கார்ந்த பருந்துக்கு 1/250 வைத்து நிதானமாக எடுத்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து பூனைப்பருந்து ஒன்று தலைக்கு மேலே தாழப் போனது. திரும்பினேன், அழுத்தினேன், இருபது படம். எல்லாவற்றிலும் இறக்கை இருந்த இடத்தில் புகை. அன்றிலிருந்து கேமராவில் செட்டிங்கைச் சேமித்து வைக்கும் சி1-இல் உட்கார்ந்த பறவை, சி2-இல் பறக்கும் பறவை என்று சேமித்து வைத்திருக்கிறேன். உட்கார்ந்த பறவையை நாலு படம் எடுத்ததும் விரல் தானாக சி2-க்குப் போய்விடும். ஏனென்றால் அடுத்து நடக்கப்போவது பறப்பதுதான்.

எக்ஸ்போஷரில் கேமரா இரண்டு இடத்தில் ஏமாறும். வெளுத்த வானத்துக்கு முன் கறுத்த பறவை என்றால் கேமரா வானத்தைப் பார்த்து படத்தை இருட்டாக்கிவிடும். +1 முதல் +1.7 வரை கூட்டுங்கள். பனித்தரைக்கும் ஏறக்குறைய +1 வேண்டும், இல்லையென்றால் பனி சாம்பலாகிவிடும். இருண்ட மரக்கூட்டத்துக்கு முன் வெயிலில் வெளிர்நிறப் பறவை வந்தால் தலைகீழ்: −0.7 போல் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளை இறகின் விவரம் எல்லாம் வெளுத்துப்போகும். கேமராத் திரையை நம்பாதீர்கள், வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். ஜேபெக்கில் அல்ல, ரா (RAW) ஃபைலாக எடுங்கள்.

ஃபோகஸ் எப்போதும் தொடர் ஃபோகஸில், அதாவது ஏஎஃப்-சி அல்லது சர்வோவில். பறவையின் கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதி கேமராவில் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் பின்னணியில் புல்லோ கிளையோ நெருக்கமாக இருந்தால் அதுவும் தடுமாறும். அப்போது நடுப் புள்ளிக் கூட்டத்துக்கு மாறிவிடுங்கள். இன்னொரு பழக்கம்: பறவை வரக்கூடிய தூரத்தில் இருக்கும் ஏதாவது ஒரு செடியிலோ கல்லிலோ முன்கூட்டியே ஃபோகஸ் செய்து வையுங்கள். லென்ஸ் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓடித் தேடுவதற்குள் பறவை போய்விடும்.

வெயிலும் காற்றும்

உங்கள் நிழல் பறவையை நோக்கி விழ வேண்டும். அப்படி நின்றால் வெயில் உங்கள் முதுகில், வெளிச்சம் அதன் முகத்தில். இது எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். காற்றைப் பற்றித்தான் யாரும் முதலில் சொல்லித்தருவதில்லை.

பறவை காற்றை எதிர்த்துத்தான் எழும்பும், காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். அந்தரத்தில் நிற்கும் சிவப்பு வல்லூறும் காற்றுக்கு முகம் கொடுத்துத்தான் நிற்கும். ஆகவே காற்று உங்கள் முதுகில் பட்டால் பறவையின் முகம் உங்கள் பக்கம் இருக்கும். காற்று உங்கள் முகத்தில் அடித்தால், நீங்கள் எவ்வளவு நல்ல இடத்தில் இருந்தாலும் சரி, கிடைப்பது வால்.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கீழைக்காற்று வீசினால் காலையில் வெயிலும் காற்றும் ஒரே பக்கம், காலையில் போங்கள். மேலைக்காற்று என்றால் மாலையில் போங்கள். காற்றும் வெயிலும் எதிரெதிராக இருக்கும் நாளில் பறக்கும் படத்தை விட்டுவிட்டு உட்கார்ந்த பறவைகளை எடுக்கலாம். கிளம்பும் முன் வானிலைச் செயலியில் நான் முதலில் பார்ப்பது மழையை அல்ல, காற்றின் திசையை.

கிட்டப் போவது எப்படி

முடிந்தவரை போகாமலிருப்பது. கார் போகும் இடமென்றால் காரிலேயே இருங்கள். சாலையோரப் பறவைகளுக்குக் கார் பழகிய பொருள். கதவைத் திறந்து இரண்டு காலில் நிற்கும் மனிதன்தான் ஆபத்து. தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, ஓரமாக நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருங்கள். நடந்து போவதானால் நேராக அதை நோக்கிப் போகாதீர்கள், கண்ணைப் பார்த்துக்கொண்டும் போகாதீர்கள். சாய்வாக, நின்று நின்று, தாழ்வாக. இன்னும் நல்லது, அது வருவதற்கு முன்பே போய் ஒரு புதரோரமாக உட்கார்ந்துவிடுவது.

பறவை பேசாது, ஆனால் சொல்லிவிடும். இறகெல்லாம் உப்பி, ஒற்றைக் காலில், கண் பாதி மூடி இருந்தால் நிம்மதியாக இருக்கிறது. திடீரென இறகுகள் உடம்போடு ஒட்டி, ஆள் ஒல்லியாகி, பார்வை உங்கள் மேலேயே நின்றால் உங்களைப் பிடிக்கவில்லை. தலையை மேலும் கீழும் ஆட்டினால் தூரத்தை அளக்கிறது. அங்கேயே நில்லுங்கள், முடிந்தால் ஓரடி பின்வாங்குங்கள். பெரும்பாலும் அது மறுபடி உப்பிக்கொள்ளும்.

ஒருநாள் காலை காருக்குள்ளிருந்து ஒரு சிவப்பு வல்லூறை ஒரு மணி நேரத்துக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பத்தின் உச்சியில் உருண்டை மாதிரி உட்கார்ந்திருந்தது. திடீரெனக் கழுத்தை நீட்டி வாயை அகலத் திறந்தது. கொட்டாவி என்று நினைத்தேன். தலையை இடமும் வலமுமாகக் குலுக்கியது, மறுபடி திறந்தது, மூன்றாவது முறை கட்டைவிரல் நுனி அளவு சாம்பல் உருண்டை ஒன்று வாயிலிருந்து கீழே விழுந்தது. அப்புறம் அலகை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று கம்பத்தில் துடைத்துக்கொண்டது, நாம் சாப்பிட்டுக் கை துடைப்பது போல. கொஞ்ச நேரம் கழித்து உடம்பு முழுக்க இறகைச் சிலிர்த்து உதறியது. வாலைத் தூக்கி எச்சமிட்டது. முன்னால் குனிந்தது. பறந்தது.

அந்தக் கடைசி மூன்று அசைவுகளை நினைவில் வையுங்கள். சிலிர்ப்பு, எச்சம், குனிதல். எல்லா முறையும் மூன்றும் வராது, ஆனால் எச்சமிட்டதுமே பர்ஸ்டுக்கு, அதாவது தொடர்ந்து படபடவென எடுப்பதற்கு, விரலைத் தயாராக்குவது நஷ்டமில்லாத பழக்கம். தானாகப் பறக்கும் பறவை காற்றைப் பார்த்து, இரையைப் பார்த்துப் பறக்கும். நீங்கள் சரியான பக்கம் இருந்தால் உங்களை நோக்கியே வரும். நீங்கள் எழுப்பிய பறவை எப்போதும் உங்களுக்கு எதிர்ப்பக்கம்தான் போகும். கழுத்துக்குக் கீழே, விழுங்கிய இரை தங்கும் தீனிப்பை புடைத்துத் தெரிகிறதா என்றும் பாருங்கள். தெரிந்தால், இப்போதுதான் சாப்பிட்டிருக்கிறது, நெடுநேரம் நகராது. நீங்களும் ஃபிளாஸ்கைத் திறக்கலாம்.

பறக்கும் பூனைப்பருந்து

புதியவர்களுக்குப் பறக்கும் படம் பழகப் பூனைப்பருந்தைவிட நல்ல வாத்தியார் கிடையாது. மெதுவாகப் பறக்கும், தாழப் பறக்கும், ஒரு விளிம்பைப் பிடித்துக்கொண்டு வரும். இறக்கையை ஆங்கில ‘வி’ போல உயர்த்தி, காற்றில் சாய்ந்து சாய்ந்து நாணல் தலைக்கு மேலே இரண்டு மூன்று மீட்டரில் வரும். முகத்தைச் சுற்றி ஆந்தைக்கு இருப்பது போல வட்டமாக இறகு அமைந்திருக்கும். புல்லுக்குள் எலி ஓடும் சத்தத்தைக் காதாலேயே பிடிக்கும். அதனால் தலை எப்போதும் கீழே. அது தரையைப் பார்க்கும், உங்களை அல்ல.

விளிம்பின் ஒரு முனையில் தாழ உட்கார்ந்துகொள்ளுங்கள். தொப்பி, மங்கிய உடை. பறவை தூரத்தில் வரும்போதே கேமராவை முகத்துக்குத் தூக்கிவிடுங்கள். கிட்ட வந்தபின் கை அசைந்தால் அதுதான் அதை விரட்டும். இடுப்பைத் திருப்பிப் பின்தொடருங்கள். முதல் படத்தை அவசரப்பட்டு அழுத்தாமல், ஃபிரேமில் மூன்றில் ஒரு பங்காவது நிறைந்தபின் அழுத்துங்கள். கடைசி நொடியில் உங்களைக் கவனித்து ஒரு பக்கம் சாய்ந்து திரும்பும். அந்தத் திருப்பத்தில்தான் இறக்கை முழுசாக விரியும், முகமும் தெரியும். பலர் அதற்கு முன்பே எடுத்து எடுத்து கேமராவின் தற்காலிக நினைவகமான பஃபரை நிரப்பிவிட்டு, சரியான நொடியில் கேமரா மூச்சு வாங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நானும் செய்திருக்கிறேன்.

கண் வெள்ளையாக வந்த படங்களை ஃபோகஸ் தவறு என்று நினைக்காதீர்கள். பறவைகளுக்கு மூன்றாவது இமை ஒன்று உண்டு, அது குறுக்கே ஓடிய நொடியில் எடுத்திருப்பீர்கள். பர்ஸ்டில் அடுத்த படத்தைப் பாருங்கள்.

குளிர் செய்யும் வேலைகள்

குளிரில் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும். உபரி பேட்டரியைச் சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். தீர்ந்ததாகக் காட்டியதையும் சூடாக்கிப் போட்டால் இன்னும் கொஞ்சம் ஓடும். விரல் மரத்தால் ஷட்டர் தெரியாது. மெல்லிய உள்ளுறை மேல் தடித்த கையுறை என்று இரண்டு அடுக்காகப் போடலாம்.

குளிர்ந்த கேமராவைச் சூடான அறைக்குள் அப்படியே கொண்டுபோகாதீர்கள். ஈரம் லென்ஸின் மேல் மட்டுமல்ல, உள்ளேயும் படியும். வெளியிலேயே பையில் போட்டு ஜிப்பை மூடி, வீட்டுக்குள் வந்து ஒன்றிரண்டு மணி நேரம் பையைத் தொடாமல் இருங்கள். படத்தைப் பார்க்க அவசரமென்றால் மெமரி கார்டை முன்பே கழற்றிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. ஹீட்டர் போட்ட காரின் ஜன்னலைத் திறந்து எடுத்தால், உள்ளிருந்து வெளியேறும் சூடான காற்று லென்ஸுக்கு முன்னால் அலையடிக்கும். நூறு படமும் மசமசவென்று வரும். நான் லென்ஸைப் பழுது பார்க்கவே கொடுத்தேன்; அதில் ஒன்றுமில்லை. ஹீட்டரை அணைத்து, ஜன்னல்களைத் திறந்து, கார் ஆறும்வரை பொறுங்கள். நண்பகலில் தூரத்து வயல்வெளிக்கு மேலும் இதே அலை இருக்கும், அதற்கு எந்த லென்ஸாலும் வைத்தியமில்லை.

செய்யக்கூடாதவை

எலியைக் கட்டிப்போட்டோ வீசியோ பறவையை வரவழைத்து எடுத்த படங்களை நிறையப் பார்த்திருப்பீர்கள்: நேர் எதிரே உகிர்களை நீட்டிக்கொண்டு பாயும் ஆந்தை. எனக்கு அந்தப் படங்கள் பிடிப்பதில்லை. மனிதன் இருக்கும் இடத்தில் தீனி கிடைக்கும் என்று பழகிய பறவை, அப்புறம் சாலையோரத்துக்கும் வரும், வண்டியில் அடியும் படும். குரலை ஒலிபரப்பி அழைப்பதும், ட்ரோனை அனுப்புவதும், உறங்கும் ஆந்தையைக் கல்லெறிந்து கண் திறக்க வைப்பதும் இதே ரகம். இரவாடிகள் மேல் ஃபிளாஷ் அடிக்க வேண்டாம்.

இராத்தங்கல் இடத்தில் அடையும் நேரத்தில் குறுக்கே போகாதீர்கள். கலைந்த பறவை குளிரில் இருட்டில் வேறு இடம் தேட வேண்டியிருக்கும். குளிர்காலத்திலேயே கூடு கட்டத் தொடங்கும் கழுகுகளும் உண்டு, சுள்ளி சுமந்து போகும் பறவையைப் பார்த்தால் அந்தப் பக்கத்தை விட்டுவிடுங்கள். பல நாடுகளில் கூட்டருகே தொந்தரவு செய்வது சட்டப்படியே குற்றம். படத்தை வெளியிடும்போது கூட்டின் இடத்தையும் இராத்தங்கல் இடத்தையும் எழுதாதீர்கள். ஃபைலுக்குள் ஜிபிஎஸ் விவரம் இருந்தால் அதையும் நீக்கிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்தபின்

தேர்ந்தெடுப்பதில் கருணை காட்ட வேண்டாம். கண்ணில் கூர்மை இல்லையென்றால் நீக்கு. வால் என்றால் நீக்கு. ஆனால் நீக்கும் முன் அந்த நேரத்தில் நீங்கள் எங்கே நின்றீர்கள், காற்று எந்தப் பக்கம் என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு நீக்குங்கள். படத்தின் நேரத்தையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இன்று 7.40-க்கு அந்தக் கம்பத்துக்கு வந்திருக்கிறதா? நாளை 7 மணிக்கே அங்கே இருங்கள், என்ஜினை அணைத்துவிட்டு.